அப்பாவின் துண்டை உதறியபோது

புழுதிக்காற்று அடித்து ஓய்ந்ததும் பல்லிடுக்கில் நறநறவென்று மாட்டுகிறதே, அது என்ன என்று எப்போதாவது துப்பிப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். பி.எஸ்ஸி. ஜியாலஜி படிக்கிறவனுக்கு வேறு என்ன வேலை?

போன கோடையில் ஒரு சாயங்காலம், மழை வருவதாகப் போக்குக் காட்டிவிட்டு, வத்தல்மலைப் பக்கமிருந்து வெறும் காற்றுதான் வந்தது. ஊரையே செம்மண்ணால் மூடிவிட்டுப் போனது. ஜன்னலில் படிந்ததை வழித்து ஒரு காகிதத்தில் மடித்தேன். இன்னொரு காகிதத்தில் அப்பாவின் தலைத்துண்டை உதறினேன். அப்பாவுக்குத் தொப்பூர் ரோட்டோரம் ஜல்லி கிரஷரில் வேலை. கல்லை மிஷின் வாயில் தள்ளுவார். விடாத இருமல்.

காலேஜ் மைக்ராஸ்கோப்பில் இரண்டையும் வைத்துப் பார்த்தேன். காற்றில் வந்தது ஒரு கதம்பம்: இரும்பேறிய மண், காய்ந்த சாணித்தூள், லாரிப் புகைக்கரி, மகரந்தம், உருண்டு உருண்டு முனை மழுங்கிய மணல். அமிலம் ஒரு சொட்டு விட்டதும் அதிலிருந்த சுண்ணாம்பு நுரைத்தது. துண்டில் இருந்ததோ வெறும் கல். கண்ணாடிச் சில்லு மாதிரி எல்லாம் கூர்முனை. அமிலத்துக்கும் அசையவில்லை.

"காத்தடிச்சா ஊர்ல எல்லாருந்தான் இருமறாங்க" என்பதுதான் இருமலைப் பற்றி யார் கேட்டாலும் கிரஷர் முதலாளியின் பதில். கூடவே ஒரு தர்மமும் உண்டு. வேலை முடிந்து கிளம்பும்போது ஆளுக்கு ஓர் உருண்டை வெல்லம். நெஞ்சுத் தூளை அது இறக்கிவிடுமாம். வெல்லம் வயிற்றுக்குப் போகும், தூள் நுரையீரலுக்குப் போகும், எங்கே சந்திக்கும்? தண்ணீர் தெளித்தால் பாதித் தூள் அடங்கும். அதற்கு மோட்டார் வைக்க வேண்டும். வெல்லம் மலிவு.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அப்பாவிடம் சொன்னேன்.

"இது காத்துல வந்தது இல்லப்பா. கிரஷர் தூளு. டாக்டர்கிட்ட அப்படியே சொல்லுங்க."

"காலேஜுக்கு அனுப்புனா மண்ணுக்கு ஜாதகம் பாக்கறியாடா?"

"மண்ணுக்கில்ல, உங்க நெஞ்சுக்கு."

"மொதலாளி தெனம் வெல்லம் குடுக்கறாரு. வேற எவன் குடுப்பான்?"

அடுப்படியிலிருந்து அம்மா சொன்னாள்: "அதையும் இவுரு எங்க தின்னாரு? வூட்டுக்குக் கொண்டாந்து உனக்குக் காப்பி போடச் சொல்றாரு."

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். ஸ்டெதஸ்கோப்பை வைத்தபடி டாக்டர் கேட்டார்: "என்ன வேலை பாக்கறீங்க?"

"வெவசாயங்க" என்றார் அப்பா. எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. "எங்கூர்ல புழுதிக்காத்து சாஸ்திங்க."

"இல்ல சார், கிரஷர்ல..." என்று ஆரம்பித்தேன். அப்பா என் கையை அழுத்திப் பிடித்தார்.

"அவன் காலேஜ் பையனுங்க. எதையாச்சும் சொல்லுவான்."

டாக்டர் சிரித்துவிட்டு டானிக் எழுதினார். புழுதியில் அலைய வேண்டாம் என்றார்.

வெளியே வந்ததும் அப்பா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "கிரஷருன்னு அவரு எழுதிட்டா நாளைக்கே என்னய நிறுத்திருவாங்க. அப்பறம் உன் படிப்பு?"

இன்றைக்குக் காற்றே இல்லை. அப்பா இருமிக்கொண்டே வேலைக்குப் போயிருக்கிறார்.