அம்புக்குறிக்கு மேல் பிளாஸ்டர்

எனக்குத் தெரிந்த ஒருவர் பள்ளிமுனைக் கடலில் நண்டு பிடிப்பவர். வலை கிழித்த விரல்களோடு, பகலில் கணினியில் பூதங்களை வெட்டும் விளையாட்டில் இருப்பார். அதன் முதல் பாகத்தில் வழியை நாமே தேட வேண்டும். ஐந்தாம் பாகத்தில் திரையின் மூலையில் ஓர் அம்புக்குறி வழி காட்டும். அந்த மூலையில் அவர் பிளாஸ்டர் ஒட்டியிருந்தார்.

“எங்கட ரோட்டுக் கழுதையே தன்ர பாட்டில போகுது. இந்த வீரனுக்கு வழிகாட்ட ஆள் வேணுமாம்.”

“கடலுக்கு ஜிபிஎஸ் கொண்டு போறீங்கள்தானே அண்ணை?”

அவர் என்னை ஏளனமாகப் பார்த்தார்.

“அது வீட்ட திரும்பி வாறதுக்கு. இது தொலைஞ்சு போறதுக்கு.”

அதே விளையாட்டை ஆடும் நானும் அன்றே என் திரையில் பிளாஸ்டர் ஒட்டினேன். இரண்டு மாதமாகிறது. என் வீரன் இன்னும் முதல் ஊரைத் தாண்டவில்லை. ரோட்டில் கழுதைகளைக் கண்டால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.