நூற்றெட்டுச் சதுர அடி அறையைப் பார்க்க அஜக்ஸ் போன நாள்

அன்று வான் வண்டிக்குள் இருந்தது நான்கு பேர்: நான், என் மகள் வசந்தி, அவள் புருஷன் குலம், குலத்தின் தமையன் தவம். 1996 மாசி, ஒரு ஞாயிறு. வீட்டு வளவுக்குள் அறை போடும் எண்ணத்தோடு, நகரத்துக்கு வெளியே அஜக்ஸ் பக்கம் வீடு பார்க்கப் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள்.

நான் இருந்தது நகர நடுவில், சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில், பதினேழாம் மாடி. அங்கே கற்பூரம் கொளுத்தினால் புகை அலாரம் கத்தும், பக்கத்து வீட்டார் கதவைத் தட்டுவார்கள். என் வீட்டுக்காரர் செத்து மூன்று வருடமாகியும் அவர் படத்துக்கு ஒரு விளக்கு வைக்க முடியவில்லை. அதற்காகத்தான் குலம் தன் பின்வளவில் தனியாக ஒரு சாமியறை கட்டினான். வீட்டோடு ஒட்டாத சின்ன அறைக்கு நகரசபை அனுமதி தேவையில்லை, நூற்றெட்டுச் சதுர அடி வரை போகலாம் என்று சொன்னது தவம். சாமிக்கும் நூற்றெட்டு, சட்டத்துக்கும் நூற்றெட்டு என்று குலத்துக்கு மனம் குளிர்ந்துவிட்டது. ஒன்பதடிக்குப் பன்னிரண்டடியாகக் கட்டினான். அன்று படம் வைக்கிற நாள்.

வசந்தியும் குலமும் காலை எட்டு மணிக்கு அஜக்ஸிலிருந்து வெளிக்கிட்டு ஒன்பதுக்கு என்னை ஏற்றினார்கள். ஒரு வழி 45 கிலோமீற்றர். பெற்றோலுக்குப் பத்து டொலர் கொடுத்தேன். ஒன்பது ஐம்பதுக்கு, வழியில் ரூஜ் என்ற இடத்தில் தவத்தை ஏற்றினோம்.

“என்ர கார் ஸ்டார்ட் எடுக்குதில்லை, மாமி. விடியத் தொடக்கம் மாரடிக்கிறன்” என்றான்.

விடியும்வரை பனி கொட்டியிருந்தது. அந்தத் தெருவில் எல்லாக் கார்களும் பனிக்குள் புதைந்து கிடக்க, அவன் கார் மட்டும் பனியில்லாமல் வெறுமையாக நின்றது. துடைத்திருப்பான் என்று நினைத்தேன்.

போன வருடம் அவன் அனுமதியில்லாமல் வீட்டோடு ஒட்டி நீட்டிய சமையல் குசினியை நகரசபை இடிக்க வைத்திருந்தது. “என்ரையை இடிச்சுப்போட்டாங்கள். தம்பியின்ரைக்கு அம்மாளாச்சி காவல்” என்று வழி முழுக்கச் சிரித்துக்கொண்டு வந்தான்.

பத்து இருபதுக்கு அஜக்ஸ். எல்லாம் ஒரே அச்சில் வார்த்த புது வீடுகள். பாதி வீடுகளில் ஆளில்லை, யன்னல்களில் திரையில்லை. நாய்கூடக் குரைக்கவில்லை. படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனேன்.

பனியில் காலடிகள். பக்கவாட்டுக் கேற்றிலிருந்து அறை வரை. பிறகு சுவரோரமாக அறையைச் சுற்றி ஒரு முழுச் சுற்று.

“நாங்கள் வெளிக்கிடேக்கை ஒண்டும் இருக்கேல்லையே” என்றாள் வசந்தி.

என் கண் வேறொன்றில் நின்றது. அந்தக் கால்கள் வலம் வரவில்லை. இடமாகச் சுற்றியிருந்தன, சுடலையில் சுற்றுகிற பக்கம். மூலைக்கு மூலை குந்தி, முழங்கால் பதிந்த குழி. வலது சப்பாத்து அச்சில், குதியில் ஒரு துண்டு உடைந்திருந்தது.

“கரண்ட் மீற்றர் பாக்க ஆரும் வந்திருப்பாங்கள், மாமி” என்றான் தவம்.

“ஞாயிற்றுக்கிழமையிலோ, தம்பி?”

அவன் போய் அறைக் கதவைத் திறந்துவிட்டான்.

உள்ளே போய்க் கதவைச் சாத்தி விளக்கேற்றினேன். காற்று நுழையாத அறையில் மூன்று தரம் அணைந்தது. நாலாம் தரம்தான் நின்றது.

பின்னேரம் நாலு மணிக்குத் திரும்பினோம். தவம் எனக்குப் பக்கத்தில். ரூஜில் அவன் இறங்கியபின் வானின் கறுப்புக் கால்மிதியைப் பார்த்தேன். பனித்தண்ணியில் அவன் சப்பாத்து அச்சு. வலது குதியில் ஒரு துண்டு இல்லை.

பத்தாம் நாள் நகரசபை ஆள் வந்தான். ஆரோ அளவுகளோடு போன் எடுத்துச் சொன்னதாம். எல்லை பத்துச் சதுர மீற்றர். அது நூற்றெட்டுச் சதுர அடிக்குக் கொஞ்சம் குறைவு. அதிலும் குலம் அளந்தது உட்சுவரை, அவர்கள் அளப்பது வெளிச்சுவரை. வேலிக்கும் அறைக்கும் நடுவில் விட்ட இடமும் போதாது. சித்திரைக்கு முன் அறை இடிபட்டது.

ஆகவே வெளிச்சுவரை மீற்றரில் அளந்து பாருங்கள். வேலிக்கு எவ்வளவு விடுவது என்று அந்த ஊர் நகரசபையிலேயே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வீட்டோடு ஒட்டுவதென்றால் சின்னதுக்கும் அனுமதி எடுங்கள். சொந்தக்காரர் வாயால் சொல்லும் அளவில் ஒரு கல்லும் வைக்காதீர்கள்.

படம் திரும்பப் பதினேழாம் மாடிக்கு வந்தது, விளக்கில்லாமல். நகரசபை ஆள் தன் வேலையைச் செய்தான். அவனோடு எனக்குக் கோபமில்லை. உள்ளே அளந்த குலத்தையும் மன்னித்தேன். நூற்றெட்டென்று சொல்லிக் கட்டவைத்து, பிறகு சுடலைப் பக்கமாகச் சுற்றி அளந்தவனை மன்னிக்கமாட்டேன். அவன் பெயர் தவம்.