முதலில் பேசியது யார்

சாமையைக் குக்கரில் வைக்கிறவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது என்று நான் பலமுறை அறிவித்திருக்கிறேன். அறிவித்த கையோடு அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து மணிக்கணக்கில் கதை அடித்தும் இருக்கிறேன். என் கோபத்தின் ஆயுள் அவ்வளவுதான். உலை கொதித்ததும் சாமையைப் போட்டுவிட்டு, கரண்டியும் கையுமாகப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஒரு நிமிடம் போனைப் பார்த்தால் குழைந்துவிடும். விசிலை எண்ணிக்கொண்டு சீரியல் பார்க்கிறவர்களுக்கு இந்த மலையில் விளையும் சாமையைத் தொடவே உரிமை இல்லை. இது என் கொள்கை. கட்சிகளுக்கே கொள்கை இல்லாத காலத்தில் எனக்கு ஒன்று இருப்பதில் எனக்குப் பெருமைதான்.

ஆனால் ஒரே ஒருவரோடு மட்டும் ஒன்றரை வருடம் நிஜமாகவே பேசாமல் இருந்தேன். அவர் குக்கரில் சாமை வைக்கிறவர் இல்லை. சொல்லவே எரிச்சலாக இருக்கிறது, என்னைவிட நன்றாகவே சாமைச் சோறு ஆக்குகிறவர். என் கணவருடைய அண்ணன் மனைவி. முறைக்கு ஓரகத்தி, கூப்பிடுவது அக்கா என்று. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், முன்னால் ஒரே வாசல், அதில் மேய்வது ஒரே கோழிக்கூட்டம்.

சண்டைக்குக் காரணம் அரசியல். எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். மனுத் தாக்கலுக்குக் கடைசி நாளன்று அக்கா, "போளூருக்குப் போய்ட்டு மாத்திரை வாங்கினு வர்றேன்" என்று காலை பஸ்ஸில் போனார். நான், "செருப்பு அறுந்துபோச்சு, புதுசு வாங்கணும்" என்று மதிய பஸ்ஸில் போனேன். அவர் மாத்திரை வாங்கவில்லை, நான் செருப்பு வாங்கவில்லை. வேட்பாளர் பட்டியலை ஒட்டியபோதுதான் இரண்டு பேர் பெயரும் அடுத்தடுத்து இருப்பதை ஊர் பார்த்தது. அவருக்குச் சீப்புச் சின்னம், எனக்குக் கட்டில். அண்ணன் தம்பி இரண்டு பேரும் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. கேட்டால், "ரகசிய வாக்கெடுப்புமா, சொல்லக்கூடாது" என்று இரண்டு பேரும் ஒரே மாதிரி சட்டம் பேசுகிறார்கள்.

ஜெயித்தது கீழ் ஊரிலிருந்து நின்ற மூன்றாவது பெண். எங்கள் இரண்டு பேர் ஓட்டையும் கூட்டினால் அவரைவிடக் கூடுதல். இதைக் கூட்டிப் பார்க்காத ஆள் ஊரில் இல்லை. அன்று சாயங்காலம் வாசலில் வைத்து, ஊரே பார்க்க, "நீ நிக்கலன்னா நான் ஜெயிச்சிருப்பேன்" என்று அக்கா சொன்னார். அதே வாக்கியத்தை அதே நொடியில் நானும் சொன்னேன். நாங்கள் கடைசியாகச் சேர்ந்து செய்த காரியம் அதுதான். அப்புறம் இருவரும் கதவைச் சாத்திக்கொண்டோம். முதலில் பேசுகிறவர் தோற்றவர் என்று யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் இருவருக்கும் தெரியும். ஒரு தேர்தலில் தோற்றாகிவிட்டது. இதிலும் தோற்க நான் தயாராக இல்லை.

பேச்சு நின்றதே தவிரக் குழம்பு நிற்கவில்லை. எங்கள் பக்கம் அது ஒரு முறை. மனஸ்தாபம் மனுஷருக்குத்தான், அடுப்புக்கு இல்லை. அவர் வீட்டில் கோழி அடித்தால் ஒரு கிண்ணம் என் வீட்டுக்கு வரும். நான் கொள்ளு கடைந்தால் அதே கிண்ணம் நிறைந்து திரும்பும். கொண்டுபோய்க் கொடுப்பது என் கணவர் வேலை. "இன்னா சொன்னாங்க?" என்று கேட்பேன். "ஒண்ணும் சொல்லல" என்பார். திரும்பி வரும் கிண்ணத்தை அக்கா வழித்துச் சாப்பிட்டிருக்கிறாரா என்று நானே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

அவசரமாக ஏதாவது சொல்ல வேண்டுமானால் கோழியிடம் சொல்வோம். "மழ வர்றாப்புல கீது, துணி காயுதே, எடுத்தா இன்னா?" என்று அக்கா ஒரு வெள்ளைக் கோழியைப் பார்த்துக் கேட்பார். நான் ஓடிப்போய் என் துணிகளை எடுப்பேன். "புளி உலுக்க ஆள் வராங்களாம், நாளைக்குத் தோட்டத்துக்குப் போகணும்" என்று நான் அதே கோழிக்குத் தகவல் சொல்வேன். மறுநாள் அவர் கூடையோடு நிற்பார். அந்தக் கோழிக்கு எங்கள் குடும்ப விவகாரம் முழுக்க அத்துப்படி. அதை அடிக்க இரண்டு வீட்டிலும் யாருக்கும் மனசு வரவில்லை.

பாட்டு விஷயம் வேறு. அக்காவுக்குக் காதல் தோற்று அழுகிற பாட்டுதான் பிடிக்கும். முப்பது வருடத்துக்கு முந்தைய பாட்டாக இருந்தால் இன்னும் விசேஷம். இத்தனைக்கும் அவருக்குக் காதலும் கிடையாது, தோல்வியும் கிடையாது. பதினெட்டு வயதில் அத்தை மகனைக் கட்டிக்கொண்டு, இன்றுவரை அவரை அதட்டிக்கொண்டு நன்றாக இருக்கிறார். எனக்கோ அடி வேண்டும். பாட்டு என்றால் பாத்திரம் தேய்க்கிற கை தானாக வேகம் பிடிக்க வேண்டும். அவர் காலையில் ஸ்பீக்கரில் அழ விடுவார். நான் என் ஸ்பீக்கரில் குத்துப் பாட்டுப் போடுவேன். நடுச் சுவருக்கு இரண்டு பக்கமும் சாவும் கல்யாணமும் ஒன்றாக நடக்கும். ஒருநாள் என் ஸ்பீக்கர் கெட்டுப்போனது. அன்று முழுக்க அவருடைய அழுகைப் பாட்டைக் கேட்டுக்கொண்டு வெங்காயம் அரிந்தேன். நான்கைந்து பாட்டு நன்றாகவே இருந்தது. இதை அப்போது கோழியிடம்கூட நான் சொல்லவில்லை.

கிரிக்கெட்டில்தான் ரொம்ப அவமானம். அவர் வீட்டில் டிஷ் இருக்கிறது. நான் போனில் பார்க்கிறவள். எங்கள் மலையில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். அதனால் அங்கே ஓடுகிற மேட்ச் எனக்கு அரை நிமிடம் பிந்தித்தான் வரும். என் போனில் பவுலர் அப்போதுதான் ஓடத் தொடங்கியிருப்பார், சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா, "அய்யய்யோ போச்சே!" என்று கத்துவார். அவ்வளவுதான், விக்கெட் விழப்போகிறது என்று தெரிந்துகொண்டே நான் அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். ஒன்றரை வருடம் என் நாட்டின் வெற்றியும் தோல்வியும் எனக்கு அக்கா வாயிலிருந்துதான் தெரிந்தன. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு மேட்ச் அன்று அவர்கள் ஊரில் இல்லை. சுவர் சும்மா கிடந்தது. கடைசி ஓவரில் நாம் ஜெயித்தோம், எனக்குச் சந்தோஷமே வரவில்லை. அன்றுதான், இவர் என்னோடு பேசினால் போதும் என்று எனக்குள்ளேயே ஒப்புக்கொண்டேன். பேசினால் போதும், ஆனால் அவர்தான் முதலில் பேச வேண்டும்.

இந்தப் பொங்கலுக்கு விளையாட்டுப் போட்டியில் பெண்களுக்கும் கபடி என்று அறிவித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் நல்ல ஆட்டக்காரி. பாடிப் போனால் ஒருத்தியையாவது தொடாமல் திரும்பமாட்டேன். ஊர்ப் பெண்களைத் திரட்டினேன். ஆறு பேர் தேறினோம். அணிக்கு ஏழு பேர் வேண்டும். ஏழாவதாக இந்த ஊரில் கபடி தெரிந்தவர் ஒருவர்தான். இடது ஓரத்தில் நின்று கணுக்காலைப் பிடித்தார் என்றால் எருமையே வந்தாலும் கோட்டைத் தாண்டாது. யார் என்று சொல்ல வேண்டுமா?

கூட்டணிப் பேச்சுவார்த்தை வாசலில் நடந்தது. நான் முறத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன். மூன்றடி தள்ளி அக்கா முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். நடுவில் அண்ணன் தம்பி இருவரும் தூதர்கள்.

"ஆட வருவாங்களான்னு கேளுங்க" என்றேன் என் கணவரிடம்.

"ஆட வருவியான்னு கேக்குறாங்க" என்றார் அவருடைய அண்ணன் தன் மனைவியிடம்.

"என் காது நல்லாத்தான் கீது. கேப்டன் யாருன்னு கேளு."

எனக்கும் கேப்டன் ஆக ஆசை. இருந்தாலும் ஆறு பேரை வைத்துக்கொண்டு எங்கே போவது? "கேப்டன் அவங்களே இருக்கட்டும். மொத ரைடு, கடைசி ரைடு ரெண்டும் எனக்கு" என்றேன் மொச்சையைப் பார்த்து. அக்கா கீரையைப் பார்த்து, "செரி" என்றார். மாநிலத்தையே ஆளுகிறவர்கள் தொகுதிப் பங்கீட்டுக்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்கிறார்கள். எங்களுக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

போட்டி நாளன்று காலையில் இரண்டு வீட்டிலும் பொங்கல் பானை இறங்கியதும், கணவன்மாருடைய டிராக் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினோம். எதிரணி காவலூர்ப் பக்கத்துப் பெண்கள். எல்லாம் திருப்பத்தூரில் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள். ஒரே நிறத்தில் பனியன், முதுகில் நம்பர். எங்களைப் பார்த்து, "ஆன்ட்டிங்களா, மெதுவா ஆடலாம்" என்றார்கள். அந்த ஒரு வார்த்தை போதாதா? எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. திரும்பிப் பார்த்தேன், அக்காவுக்கும் ஏறியிருந்தது. ஒன்றரை வருடத்தில் முதல்முறையாக இருவருக்கும் ஒரே ஆள்மேல் கோபம்.

ஆட்டம் தொடங்கியதும்தான் எங்கள் கோளாறு வெளியே வந்தது. கேப்டன் ஆறு பேருக்கும் உத்தரவு போட வேண்டும். ஐந்து பேருக்குப் போட்டார். எனக்கு மட்டும் நேராகச் சொல்ல மாட்டார். நடுவில் நின்ற எதிர்வீட்டுப் பெண்ணிடம், "அவள வலது பக்கம் போவச் சொல்லு" என்பார். அவள் என் பக்கம் திரும்பி, "உன்ன வலது பக்கம் போவச் சொல்றாங்க" என்பாள். அதற்குள் பாடி வந்த பெண் வலது பக்கமாக என்னையும் தொட்டு, திரும்பி நின்ற அவளையும் தொட்டுவிட்டு, சாவகாசமாகக் கோட்டைத் தாண்டியிருப்பாள். இப்படியே மூன்று முறை நடந்தது. மைக்கில் பேசியவர், "மேல் ஊர் அணியில் தபால் தாமதம்" என்றார். கூட்டம் சிரித்துச் சாய்ந்தது.

பாதி ஆட்டத்தில் ஐந்து புள்ளி பின்தங்கியிருந்தோம். எதிர்வீட்டுப் பெண் தண்ணீர் பாட்டிலைத் தரையில் வீசினாள். "ரெண்டு பேருக்கும் நடுவுல நான் இன்னா டவரா? ஆடுறதா, சேதி சொல்றதா?" என்று கத்தினாள். நியாயம்தான். அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். "அக்கா" என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. தண்ணீரைக் குடித்து அதை உள்ளே தள்ளினேன். இவ்வளவு நாள் கட்டிக்காத்ததை ஒரு பொங்கல் கபடிக்காக விடுவதா? அவரும் ஏதோ சொல்ல வாயெடுத்து, இருமிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டாம் பாதியில் கண்ணாலேயே ஆடினோம். அவர் தாடையை அசைத்தால் நான் நகர்வேன். நான் இரண்டு அடி பின்வாங்கினால் அவர் குனிவார். ஒரே வாசலில் பதினேழு வருடம் குப்பை கொட்டியவர்களுக்கு அதற்குமேல் என்ன தெரிய வேண்டும்? நம்பர் போட்ட பிள்ளைகளை ஒவ்வொன்றாக அக்கா கணுக்காலைப் பிடித்துக் கவிழ்த்தார். நான் பாடிப் போய் இரண்டு பேரைத் தொட்டு வந்தபோது, வயசு என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டேன். புள்ளி சமமானது. ஒரே ஒரு ரைடு பாக்கி. ஒப்பந்தப்படி அது எனக்கு.

"கபடி கபடி கபடி" என்று பாடிக்கொண்டே போனேன். மூச்சு நன்றாகத் தாங்கியது. வலது ஓரத்துப் பெண்ணின் தோளைத் தொட்டேன். நிச்சயமாகத் தொட்டேன், அவளே தலையைக் குனிந்துவிட்டாள். கோட்டுக்குத் திரும்பினேன். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. இன்னும் ஒரு எட்டு. பாட்டை விடாமல் கோட்டைத் தொட்டால் கோப்பை எங்களுக்கு. அப்போது எல்லாச் சத்தத்துக்கும் மேலே ஒரு குரல் கேட்டது.

"பின்னால வர்றா! குதிடீ!"

அக்கா. நேராக என்னைப் பார்த்து. நடுவில் யாரும் இல்லை, கோழியும் இல்லை. ஒன்றரை வருடம் கழித்து அந்தக் குரல் எனக்கென்று வந்தது. பாடிக்கொண்டிருக்கிறேன், மூச்சை விடக்கூடாது என்பதெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. முகம் நிறையச் சிரிப்போடு அவரைப் பார்த்து,

"இன்னாக்கா?" என்றேன்.

விசில் அடித்தது. பாட்டு அறுந்ததால் நான் அவுட், தொட்டதும் செல்லாது. ஒரு புள்ளியில் தோற்றோம்.

அக்கா ஓடி வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார். "இன்னாக்காவாம் இன்னாக்கா! ஒரு எட்டு கீது, நின்னு குசலம் விசாரிக்கிறியா? ஆருடி உன்ன பதில் சொல்லச் சொன்னது?" எதிர்வீட்டுப் பெண் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். ஊரே என்னைத் திட்டியது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து, இன்னொரு முறை, "இன்னாக்கா?" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

மைதானத்திலிருந்து எங்கள் வீட்டுக்குக் கொஞ்ச தூரம்தான். வழியெல்லாம் அக்கா திட்டிக்கொண்டே வந்தார். விட்ட புள்ளியில் ஆரம்பித்து, தேர்தலுக்குப் போய், அங்கிருந்து போன மாசம் நான் அனுப்பிய குழம்பில் உப்பு குறைந்தது வரைக்கும் வந்துவிட்டார். ஒன்றரை வருடத்துப் பாக்கியை மூச்சு விடாமல் தீர்த்தார். நான் வாயே திறக்கவில்லை. திறந்தால் எங்கே நிறுத்திவிடுவாரோ என்று பயமாக இருந்தது. வீடு சீக்கிரம் வந்துவிடக் கூடாதே என்று காலில் அடிபட்டவள் மாதிரி மெல்ல மெல்ல நடந்தேன். அவரும் எனக்காக மெல்லத்தான் நடந்தார்.