இரண்டு கேமராவுக்கு ஒரு லென்ஸ்

பகல் பன்னிரண்டே முக்கால் இருக்கும். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அரியலூர் பஸ் வந்து நிற்கும் இடத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். பஸ் வந்தது. கண்டக்டர் இறங்கி வந்து கையை விரித்தார். "இன்னிக்குச் சாப்பாடு வரலை டீச்சர். சாரு கண்ணுலயே படலை" என்றார். மறுநாள் எங்கள் பள்ளியில் பிரிவுபசார விழா. எல்லாரையும் நானே படம் எடுத்துத் தருகிறேன் என்று ஆசிரியர் அறையில் ஜம்பமாகச் சொல்லி வைத்திருந்தேன். சாருக்கு மூன்று முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினேன்: "சொன்னா செய்யணும் சார். முடியாதுன்னா சொல்லக் கூடாது." முப்பது வருடம் கணக்குப் பாடம் எடுத்தவளுக்குக் கோபம் வந்தால் வார்த்தை இப்படித்தான் வரும்.

நாலு மணிக்கு அந்தச் செய்தியின் கீழே இருந்த இரண்டு டிக்கும் நீலமாயின. பார்த்துவிட்டார், இனி ஏதாவது சாக்குச் சொல்வார் என்று நினைத்தேன். ஒரு நிமிடத்தில் போன் அடித்தது. பெண் குரல். "பெரம்பலூர் டீச்சருங்களா? நான் அவரு தங்கச்சி ஆரோக்கியமேரி பேசறேன். அண்ணன் போயிட்டாருங்க. காலைல அரியலூர் பஸ் ஸ்டாண்ட் பெஞ்சுல உட்கார்ந்தவரு, எந்திரிக்கவே இல்லைங்க." நான் எழுதியதை அந்தத் தங்கை படித்திருக்கிறார். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பெருந்தன்மை எனக்கு இன்னும் முள்ளாகக் குத்துகிறது.

நம் கேமரா வாட்ஸ்அப் குழுவில் சவரிமுத்து சாரைத் தெரியாதவர்கள் இல்லை. நேரில் பார்த்தவள் நான் ஒருத்திதான். அதனால்தான் இதை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. உங்களுக்கெல்லாம் அவர் சந்தேகம் கேட்டால் பத்து நிமிடத்தில் பதில் போடும் ஓர் எண். அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகளை நிறுத்தி எடை போடும் எடைமேடையில் அவருக்கு வேலை. ஒரு லாரி இறங்கி அடுத்த லாரி ஏறுவதற்குள் உங்களுக்குப் பதில் அடித்துவிடுவார். வரதராஜன்பேட்டைப் பக்கம் சொந்த ஊர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அரியலூரில் ஒற்றை அறை, ஒரு ஸ்டவ், ஒரு கேமரா.

நம் கேமராவைப் பற்றி நமக்குத் தெரியும். பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் வேண்டும், ஆனால் கைக்கு அடக்கமான விலையில் வேண்டும் என்று ஆசைப்படுகிற நம்மைப் போன்றவர்களுக்காகவே இறக்கிய மாடல் இது. நான் வாங்கியபோதே அது பழைய மாடலாகி, வேறொருவர் கையில் இருந்து வந்தது. பெங்களூரில் இருக்கும் என் மகன், "போன்லயே எடுக்கலாமேம்மா" என்றான். அவன் அப்பா போன பிறகு சாயங்காலங்களை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை என்பதை அவனிடம் எப்படிச் சொல்வது? வாங்கிய பிறகுதான் ஞானம் வந்தது. கேமராப் பெட்டி கைக்கு எட்டும், அதற்கேற்ற நல்ல லென்ஸ் எட்டாது. கூட வந்த சின்ன லென்ஸை மாட்டிக்கொண்டு, முகங்களை எடுக்க ஒரு நல்ல லென்ஸ் யாரிடமாவது இரவல் கிடைக்குமா என்று குழுவில் கேட்டேன். ஒரே ஒரு பதில் வந்தது. "நான் அரியலூர்தான் டீச்சர். என்கிட்டயும் இல்லை. சேர்ந்து ஒண்ணு வாங்கிக்கலாமா?"

அப்படித்தான் இரண்டு கேமராவுக்கு ஒரு லென்ஸ் வந்தது. அவரிடம் ஒரு வாரம், என்னிடம் ஒரு வாரம். பழைய வேட்டித் துணியில் சுற்றி, எவர்சில்வர் டிபன் டப்பாவில் வைத்து, மூடியைச் சணல் கயிற்றால் கட்டி, பகல் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். கேமரா சாமான் என்று தெரிந்தால் யார் கையாவது நீளும், சாப்பாடு என்றால் யாரும் தொட மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. கண்டக்டர் என்னைப் பார்த்து, "இன்னிக்கு என்ன கொழம்பு டீச்சர்?" என்பார். நானும் கூசாமல் "வத்தக்கொழம்பு" என்பேன்.

ஒரு நாள் டப்பாவைத் திறந்தால் தயிர்சாதமும் எலுமிச்சங்காய் ஊறுகாயும் இருந்தன. அதே பஸ்ஸில் அரியலூரிலிருந்து ஒரு எலெக்ட்ரிக் கடைக்காரருக்கும் வீட்டிலிருந்து சாப்பாடு வரும். அவர் பசியோடு திறந்து பார்த்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கே வந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். நான் பதறிப்போய் சாருக்குப் போன் செய்தேன். "லென்ஸு கீழ விழலையே?" என்று கேட்டார். விழவில்லை என்றேன். "அப்பச் சரி. தயிர்சாதத்தைத் திருப்பிக் குடுத்துடுங்க டீச்சர், அந்தாளு பாவம், பசியோட நிக்கறாரு." அன்று நான் எத்தனை நாளுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன் என்று எனக்கே தெரியாது.

அனுப்புகிறவர் லென்ஸைக் கழற்றும் முன் ஒரு படம் எடுக்க வேண்டும். வாங்குகிறவர் மாட்டியதும் ஒரு படம் எடுக்க வேண்டும். வழியில் அடிபட்டதா என்று தெரிந்துகொள்ள அவர் போட்ட சட்டம் அது. நான் என் வீட்டு வாசல் கேட்டைப் படம் எடுத்து, பார்த்ததும் அழித்துவிடுவேன். அவர் எதை எடுத்தார் என்று நான் கேட்டதே இல்லை.

அவர் படங்களில் வலது மேல் மூலையில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்குமே, அது உங்களுக்கெல்லாம் தெரியும். லாரிகள் கிளப்புகிற சுண்ணாம்புத் தூசியில் ஒரு துகள் உள்ளே போய், படம் பதிகிற சென்சாரில் உட்கார்ந்துகொண்டது. 'சவரி காக்கா' என்று நாம்தான் பெயர் வைத்தோம். நம்மில் பாதிப் பேர் கம்ப்யூட்டரில் அதை அழித்து, அன்பளிப்பாக அவருக்கே திருப்பி அனுப்பியிருக்கிறோம். அவர் விடாமல் காக்காவோடு இருக்கும் படத்தையே மறுபடி போடுவார். திருச்சியில் கொடுத்துச் சுத்தம் செய்யலாமே என்று நான் ஒருமுறை அதட்டினேன். "இருக்கட்டும் டீச்சர். அவ்வளவு பெரிய வானத்துல ஒரு காக்கா இருந்தா என்ன? அதுவும் இல்லைன்னா எனக்கு யாரு இருக்கா?" என்று சிரித்தார். சிரித்ததால் நானும் சிரித்து வைத்தேன்.

நாங்கள் சேர்ந்து படம் எடுக்கப் போனது ஒரே ஒரு முறை. செட்டிகுளம் மலைக்கோயில். கொண்டுபோன லென்ஸ் ஒன்றுதான் என்பதால் ஒருவர் எடுத்தால் மற்றவர் சும்மா இருக்க வேண்டும். "நீங்க மொதல்ல எடுங்க டீச்சர்" என்று கொடுத்துவிட்டு, மூடி போட்ட கேமராவை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் கேமராவில் பிடி ரப்பர் உரிந்து, சைக்கிள் கடைப் பஞ்சர் பசை போட்டு ஒட்டியிருந்தார். நான் கோபுரம், படி, குரங்கு, கீழே வயலில் காயும் சின்ன வெங்காயம் என்று சாயங்காலம் முழுக்க எடுத்துத் தள்ளினேன். அவர் முறை வரவே இல்லை. அவரும் கேட்கவில்லை.

இறங்குகிற நேரத்தில் என்னிடம் படித்த ஒரு பெண்ணின் அம்மா எதிரே வந்தார். என்னை ஒரு பார்வை, அவரை ஒரு பார்வை. "சார் யாருங்க டீச்சர்?" "தெரிஞ்சவங்க" என்றேன். அந்த அம்மா நாலு படி ஏறி நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து சவரிமுத்து சார் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு கேட்டார்: "என்னை ஒண்ணு எடுங்களேன் டீச்சர். நான் நல்லா இருக்கற மாதிரி ஒரு படம்கூட என்கிட்ட கெடையாது."

"லைட்டு போயிடுச்சு சார். அடுத்த தடவை பார்ப்போம்" என்றேன்.

நம் கேமராவை வைத்திருக்கும் எவரும் இதைப் படித்துச் சிரிப்பீர்கள். மாதா கோயில் மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே ஃபிளாஷ் இல்லாமல் முகம் எடுக்கலாம் என்று இந்தக் குழுவில் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். அவரிடம் போய் வெளிச்சம் இல்லை என்றேன். "சரிங்க டீச்சர்" என்றார். அடிவாரத்துக்கு வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. டீக்கடையில் ஒற்றை பல்பின் கீழே பால் பொங்குவது அழகாக இருந்தது. யோசிக்காமல் கேமராவைத் தூக்கி எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் பக்கத்தில் அவர் நிற்பது நினைவுக்கு வந்தது. அவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். "படம் நல்லா வந்துருக்கா டீச்சர்?" என்று மட்டும் கேட்டார். அடுத்த தடவை என்று ஒன்று வரவில்லை. நான் வரவிடவில்லை என்பதுதான் சரி.

அடக்கத்துக்கும் நான் போகவில்லை. போய், நான் யார் என்று சொல்லிக்கொண்டு நிற்பது? விழாவில் சின்ன லென்ஸை மாட்டிக்கொண்டு எல்லாரையும் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தேன். ஒன்றும் உருப்படியாக வரவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு முன்னால் ஆரோக்கியமேரி மறுபடி கூப்பிட்டார். "நினைவு அட்டைக்கு அண்ணன் போட்டோ வேணுங்க. ஐடி கார்டுல இருக்கறது அவரு மாதிரியே இல்லைங்க. நீங்க ரெண்டு பேரும் போட்டோ எடுக்கறவங்கதானே, உங்ககிட்ட இருக்குமேன்னு கேக்கறேன்." என் கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கில் படம் இருக்கிறது. குரங்குக்குக்கூட ஏழு இருக்கிறது. "நேர்லயே வர்றேன்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

ஜெயங்கொண்டத்தில் பஸ் மாறி, முந்திரித் தோப்புகளைத் தாண்டி அவர் சொந்த ஊருக்குப் போனேன். என்னிடம் படம் இல்லை என்று ஆரோக்கியமேரியின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவர் உள்ளே போய் டிபன் டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். சணல் கயிற்றைத் திரும்பக் கட்டி வைத்திருந்தார்.

"ஆஸ்பத்திரில இதை என் கைல குடுத்தாங்க. மடியிலயே வெச்சுக்கிட்டு இருந்தாராம். சாப்பாட்டைக் கட்டிக்கிட்டு வந்தவரு சாப்பிடாமயே போயிட்டாரேன்னு மூணு நாளா அதைச் சொல்லிச் சொல்லித்தான் அழுதேன். சோறு கெட்டுப்போயிருக்கும், கழுவி வெப்போம்னு தெறந்தா உள்ள இது இருக்கு. என்னன்னே புரியலை. அப்புறம் அண்ணன் போன்ல உங்க மெசேஜை எல்லாம் மொதல்லேருந்து படிச்சேன், புரிஞ்சுது." டப்பாவை என் பக்கம் நகர்த்தி, "அவரு சொன்னதைச் செய்யத்தாங்க கெளம்பியிருக்காரு" என்றார். குறை சொல்லும் குரல் இல்லை. என் மனசு ஆறட்டும் என்றுதான் சொன்னார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என் கணவருக்குக்கூட நான் அப்படிச் சத்தமாக அழுததில்லை.

கேமராவையும் என்னிடமே கொடுத்துவிட்டார். "எங்களுக்கு இதுல ஒண்ணும் தெரியாதுங்க." அங்கேயே உட்கார்ந்து இருவரும் உள்ளே இருந்த படங்களைப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் லென்ஸை அனுப்பும் முன் அவர் எடுத்த படங்கள் ஒன்றுகூட அழியாமல் இருந்தன. எல்லாமே எடைமேடை அறையின் ஜன்னல். கண்ணாடியில் வெளியே நிற்கும் லாரியும், உள்ளே நிற்கும் அவரும் மங்கலாகத் தெரிகிறார்கள். கேமராவைக் கண்ணோடு வைத்திருப்பதால் முகம் பாதிக்கு மேல் மறைந்திருக்கிறது. கடைசிப் படம் அன்று காலை எடுத்தது. அதில் காலர் சரியாக இருக்கிறது. என்னிடம் ஒரே ஒரு தடவை கேட்டவர், பிறகு யாரையும் கேட்காமல் ஒவ்வொரு முறையும் தானே எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அட்டையில் ஐடி கார்டு படத்தையே போட்டார்கள். பாதிரியார் முகம் தெரிய வேண்டும் என்றாராம். அதுவும் நியாயம்தான். ஜன்னல் படத்தை இத்துடன் உங்களுக்கு அனுப்புகிறேன். வலது மூலையில் காக்கா இருக்கிறது. யாரும் அன்பு மிகுதியில் அதை அழித்துவிட்டு எனக்கு அனுப்ப வேண்டாம்.

இப்போது என்னிடம் இரண்டு கேமராவும் லென்ஸும் இருக்கின்றன. டப்பா அடுப்படி அலமாரியில் இருக்கிறது. வாரக் கணக்கு எதுவும் கிடையாது, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுக்கத்தான் தோன்றுவதில்லை. புதிதாக வருகிறவர்கள் இந்தக் கேமராவை வாங்கலாமா என்று கேட்டால் அவர் ஒரே பதில்தான் சொல்வார்: "வாங்குங்க. ஆனா லென்ஸுக்கு யார்கிட்டப் போவீங்கன்னு யோசிச்சுட்டு வாங்குங்க." அதை நான் விலையைப் பற்றிய பேச்சு என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

போன வாரம் ஒருவர் குழுவில் கேட்டிருந்தார், வெளிச்சம் குறைவான இடத்தில் இது எப்படி என்று. ஒரு நாள் முழுக்க யாரும் பதில் போடவில்லை. எல்லாரும் பழக்க தோஷத்தில் சவரிமுத்து சாருக்காகக் காத்திருந்தீர்கள் என்று நினைக்கிறேன். நானும் காத்திருந்தேன். பிறகு நான்தான் எழுதினேன்: "லைட்டு போனப்புறமும் நல்லா எடுக்கும். யாராவது தன்னை எடுக்கச் சொன்னா, லைட்டு இல்லைன்னு சொல்லாம எடுத்துடுங்க."