பெட்டியைப் பற்றிப் பேசிய நாட்கள்

என் கணவர் கட்டார் நாட்டுக்கு வேலைக்குப் போய் அப்போது மூன்று வருடத்துக்கு மேலாகியிருந்தது. என்ன வேலை என்று யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்காரு" என்று சொல்லி முடித்துக்கொள்வேன். அதற்கு மேல் எனக்கே தெரியாது. பெரிய கட்டடம் ஒன்றில் வரிசையாக மெஷின்கள் நிற்கும், அவற்றைப் பொருத்துவதும் கழற்றுவதும் வயர் இழுப்பதும்தான் வேலை என்று ஒரு தடவை சொன்னார். ஃபோனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்களாம். அதனால் அவர் பகல் முழுக்க நிற்கிற இடத்தை நான் ஒரு படமாகக்கூடப் பார்த்ததில்லை.

எங்கள் பேச்சும் சுருங்கிப் போயிருந்தது. சாப்பிட்டியா, பாப்பா ஸ்கூல் போனாளா, அங்க மழையா. மூன்று கேள்விக்கும் பதில் சொன்ன பிறகு இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு இருப்போம். கோபம் ஒன்றும் இல்லை. சொல்வதற்கு எதுவும் இல்லாமல் போயிருந்தது, அவ்வளவுதான். கல்யாணத்துக்கு முன்னால் லிந்துலையிலிருந்து ஹட்டன் வரை ஒரே பஸ்ஸில் வருவோம். அப்போது இறங்க வேண்டிய இடம் வந்த பிறகும் பேச்சு மிச்சம் இருக்கும். அந்த மனிதர் எங்கே போனார் என்று, பேசி முடித்த பிறகு ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பேன்.

நான் ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் வேலை செய்கிறேன். கல்யாணம், சடங்கு, தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழா என்று மொதலாளி எடுத்து வருகிற வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுப்பது என் வேலை. அந்த வீடியோக்களெல்லாம் சின்னச் சின்ன ஹார்ட் டிஸ்க்குகளில் அலமாரி நிறையக் கிடந்தன. எதில் எது இருக்கிறது என்று தேடுவதிலேயே பாதி நாள் போகும். சில டிஸ்க்குகள் ஈரத்தில் கெட்டே போயின. ஒரு தடவை, கல்யாணமாகி வெளிநாடு போன ஒரு பெண் தன் வீடியோவைத் திரும்பக் கேட்டாள். அந்த டிஸ்க் 'டக் டக்' என்று சத்தம் போட்டதே தவிர, திறக்கவில்லை. செத்துப்போன தன் அப்பா ஆடி ஓடி நடமாடுவது அந்த வீடியோவில் மட்டும்தான் இருக்கிறது என்று அவள் சொன்ன பிறகு, மொதலாளிக்கு இரண்டு நாள் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அவர் கொழும்பில் மூடிவிட்ட ஒரு ஆபீஸிலிருந்து அந்தப் பெட்டியை வாங்கி வந்தார். வேறு ஆட்கள் பாவித்த பழைய பெட்டிதான். பேக்கரித் தட்டு மாதிரி அகலமாக, தட்டையாக, இரும்பில் இருந்தது. முன்பக்கம் எட்டு டிஸ்க் செருகுவதற்கு எட்டு அறைகள், எட்டிலும் பெரிய டிஸ்க்குகள் இருந்தன. அதை நிறுத்துவதற்கு ராக் என்கிற ஒரு இரும்புச் சட்டமும் கூடவே வந்தது. எல்லா வீடியோவும் ஒரே இடத்தில் இருக்கும், எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் நெட்வொர்க் வழியாக எடுத்துக்கொள்ளலாம் என்று விற்றவர் சொன்னாராம்.

"தங்கச்சி, நீதான் படிச்ச பிள்ளை. இதைப் பொருத்திப் பூட்டிரு" என்றார் மொதலாளி.

நான் படித்தது ஆறு மாத கம்ப்யூட்டர் கோர்ஸ். பெட்டியின் பின்பக்கத்தில் இருந்த ஓட்டைகளில் ஒன்றுக்குக்கூட எனக்குப் பெயர் தெரியவில்லை. சாயங்காலம் என் கணவர் ஷிஃப்ட் முடிந்து ரூமுக்கு வந்து கூப்பிட்டபோது, சாப்பிட்டியா என்று கேட்பதற்கு முன்னாலேயே கேமராவைப் பெட்டிப் பக்கம் திருப்பினேன்.

"ஏங்க, இது என்னான்னு தெரியுமா உங்களுக்கு?"

திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தார். பிறகு சிரித்தார். "அடி, இது எங்க இருந்து வந்துச்சு அங்க? இதைத்தானே நான் தெனமும் தூக்குறேன்."

அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாகியிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து சாயங்காலம் அவர் கூப்பிடுகிற நேரத்துக்காகப் பெட்டி வேலையை ஒதுக்கி வைப்பேன். முதலில் எங்கே வைப்பது என்பதிலேயே இரண்டு நாள் போனது. பின்னால் ஒரு சின்ன அறை உண்டு, முன்பு ஃபிலிம் கழுவிய இருட்டறை. அங்கே வைக்கலாம் என்றார் மொதலாளி. என் கணவர் அதைக் காட்டச் சொன்னார். நான் ஃபோனைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

"அந்த மூலையில என்னா, பைப்பா?"

"ஆமா. தண்ணி வராது இப்ப."

"வராட்டியும் வேணாம். செவுத்தைப் பாரு, பூஞ்சணம் புடிச்சிருக்கு. ஈரம்தான் இதுக்கு எமன்."

ஆக, முன் அறையில் ஜன்னலுக்கு எதிர்ப்பக்கமாக வைப்பது என்று முடிவானது. இடத்தைக் காட்டுவதற்காக ஃபோனைத் திருப்பும்போது ஜன்னல் வழியாக பஸ் ஸ்டாண்ட் தெரிந்தது. பனி இறங்கியிருந்தது. பொகவந்தலாவை பஸ் ஒன்று லைட்டைப் போட்டுக்கொண்டு மெதுவாகத் திரும்பியது. நான் ஃபோனை எடுக்கப் போனேன்.

"இரு. அப்படியே கொஞ்ச நேரம் வச்சிரு" என்றார்.

ஜன்னல் கட்டையில் சாய்த்து வைத்தேன். அந்த பஸ் கண்ணுக்கு மறைகிற வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டியைத் தூக்கி ராக்கில் ஏற்றும் வேலை வந்தது. டிஸ்க்குகளை எல்லாம் கழற்றிவிட்டுத்தான் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பு போய்விடும் என்று எச்சரித்தார். இரண்டு பக்கமும் தண்டவாளம் மாதிரிக் கம்பி பூட்டி, அதன் மேல் பெட்டியைத் தள்ள வேண்டும். ஒரு கம்பியை நான் ஒரு ஓட்டை மேலே பூட்டிவிட்டேன். பெட்டி கோணலாக நின்று சிக்கிக்கொண்டது. ஒரு பக்கம் மொதலாளி, ஒரு பக்கம் நான், இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்க, மேசையில் இருந்த ஃபோனிலிருந்து இவர், "தள்ளாதீங்க, தள்ளாதீங்க, வெளிய இழுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தானே பக்கத்தில் நிற்கிற மாதிரி அவர் கையும் ஆடியது.

கரண்ட் கொடுத்ததும் அது கத்தியது. சின்னக் கத்தல் இல்லை. கீழே மருந்துக் கடையிலிருந்து ஆள் ஏறி வந்து எட்டிப் பார்த்தார். மொதலாளி முகம் செத்துப் போனது. "ஏமாத்திட்டான் போல" என்றார்.

நான் ஃபோனைப் பெட்டி பக்கத்தில் பிடித்தேன். இவர் இரண்டு நிமிடம்கூடக் கேட்கவில்லை. "பின்னாடி கரண்ட் குத்துற எடம் ரெண்டு இருக்கும். ஒண்ணுலதானே குத்தியிருக்க?"

"ஆமா. ஒண்ணு போதும்னு நெனச்சேன்."

"ஒண்ணு போனா இன்னொண்ணு தாங்குறதுக்குத்தான் ரெண்டு. ஒண்ணு இல்லைன்னுதான் அது கத்துது. அதுக்கு ஒண்ணும் ஆகலை."

இரண்டாவது வயரைக் குத்தினேன். சத்தம் நின்றது. பெட்டிக்குள் சுற்றும் காற்றாடிகளின் இரைச்சல் மட்டும் மிஞ்சியது. மொதலாளி நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

டிஸ்க்குகளை எப்படிச் சேர்ப்பது என்பதைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. எட்டு டிஸ்க் இருந்தும் ஆறின் இடம்தான் கிடைக்கும் என்றதும், மிச்ச இரண்டை யார் தின்றது என்று கேட்டேன். என் கணவர் ஒரு பேப்பரில் எட்டுக் கட்டம் போட்டு கேமரா முன்னால் பிடித்தார். ஒவ்வொரு வீடியோவும் துண்டு துண்டாகப் பிரிந்து எட்டிலும் போகும். அதோடு ஒரு கணக்கும் எல்லாவற்றிலும் எழுதப்படும். எந்த இரண்டு டிஸ்க் செத்தாலும் மிச்ச ஆறையும் அந்தக் கணக்கையும் வைத்து, போனதைத் திரும்பக் கட்டிவிடலாம். எனக்கு விளங்குகிற வரை நாலு பேப்பர் கிழித்தார்.

"அப்ப இனி எதுவும் அழியாதா?"

"அப்படி இல்லை. நெருப்பு புடிச்சா? திருடன் வந்தா? நீயே தெரியாம அழிச்சிட்டா? அதுக்கு இன்னொரு பிரதி வேற எடத்துல இருக்கணும். இது பாதுகாப்புதான். ஆனா பிரதி கிடையாது. அங்க புதுசா வர்றவங்களுக்கும் நான் இதைத்தான் மொத சொல்லுவேன்."

அங்கே புதிதாக வருகிறவர்களுக்கு இவர் சொல்லிக்கொடுக்கிறார் என்பதே எனக்குச் செய்தி. அப்புறம் நான் கேட்க ஆரம்பித்தேன். அந்த இடம் எப்படி இருக்கும், எவ்வளவு பெரிது, யார் யார் கூட நிற்பார்கள். வெளியே அனல் அடிக்கும்போது உள்ளே ஜாக்கெட் போட்டுக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டுமாம். இரண்டு ராக் வரிசைக்கு நடுவே குளிர்க் காற்று வருமாம்.

"நம்ம ஊரு குளிரு மாதிரியா?"

"முதல்ல அப்படித்தான் நெனச்சேன். வேணும்னே போய் நிப்பேன். ஆனா இது காஞ்ச குளிரு. நம்ம ஊரு குளிரு மேல வந்து ஒட்டும்ல? இது ஒட்டாது."

அதைச் சொல்லிவிட்டு, டிஸ்க்கின் நம்பரை அறையின் முகப்பில் எழுதி ஒட்டு, நாளைக்கு ஒன்று கெட்டால் நல்லதைப் பிடுங்கிவிடாதே என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டார். எனக்கு அந்த 'ஒட்டாது' மட்டும் காதில் நின்றது.

பிறகு பெட்டிக்கு மாறாத ஒரு நெட்வொர்க் முகவரி கொடுத்தோம். ஃபோல்டர்கள் திறந்தோம். மொதலாளியால் எதையும் அழிக்க முடியாதபடி வைத்தோம், அதை அவரே கேட்டுக்கொண்டார். பழைய டிஸ்க்குகளிலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றினேன். கடைசியில் ஒரு நாள் வேலை முடிந்துவிட்டது. "நல்லா செஞ்சிட்ட" என்றார் என் கணவர். மறுநாள் கூப்பிட்டபோது, சாப்பிட்டியா என்றார். பாப்பா ஸ்கூல் போனாளா என்றார். மழையா என்றார். பெட்டி ஒழுங்காக வேலை செய்தது. ஏதாவது கெட்டுத் தொலையக் கூடாதா என்று நான் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு.

மழைக்காலத்தில் ஒரு நாள் காலை பெட்டியின் நாலாவது அறையில் டிஸ்க் கெட்டதைக் காட்டும் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. மொதலாளி தலவாக்கலையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். என் கணவரின் ஃபோன் வாசலில் பூட்டியிருக்கும் நேரம். திரையில் காட்டிய நம்பரையும் முகப்பில் ஒட்டியிருந்த நம்பரையும் சரிபார்த்தேன். பழையதை இழுத்துவிட்டு, இதற்கென்றே வாங்கி அலமாரியில் வைத்திருந்த புதியதைச் செருகினேன். போனதைத் திரும்பக் கட்ட ஆரம்பித்திருப்பதாகத் திரை காட்டியது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். சாயங்காலம் அவர் கூப்பிட்டதும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"ஓ. நீயே மாத்திட்டியா" என்றார்.

"ஆமாங்க."

"நல்லது." பிறகு, "நான் ரூமுக்கு வந்த பெறகு செஞ்சிருக்கலாமே" என்றார்.

"நீங்க வேலையில இருந்தீங்க."

"இருந்தேன்தான்."

அவருக்கும் அந்த நாட்கள் தேவையாக இருந்தன என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கரண்ட் போகிற மாதிரி இருக்கு என்று ஏதோ சொன்னேன்.

இந்தத் தைப்பொங்கலுக்கு அவர் லீவில் வருவதாக இருந்தது. பாப்பாவுக்குச் சட்டை அளவுகூட அனுப்பியிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூப்பிட்டார். கம்பெனி புதுக் கட்டடத்துக்கு மாறுகிறது, எல்லா மெஷினையும் கழற்றி அங்கே பூட்ட வேண்டும், அது முடிகிற வரைக்கும் யாருக்கும் லீவு இல்லை என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து படம் கீறிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

நான் அழுதால் அவர் ஃபோனை வைத்துவிடுவார். அதனால், "அந்தப் புதுக் கட்டடத்துல எத்தனை ராக் நிக்கும்?" என்று கேட்டேன்.

நிமிர்ந்து பார்த்தார். ஒரு பேப்பரும் பேனாவும் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். தரையே இரட்டைத் தரையாம், கீழே வயர் போகுமாம், மேல் தரையில் ஓட்டை போட்ட பலகை வழியாகக் குளிர் வருமாம். கட்டம் கட்டமாகக் கீறிக் காட்டினார். பாப்பாவும் வந்து என் தோளில் சாய்ந்து பார்த்தாள்.

"எந்தக் கட்டத்துல நீங்க நிப்பீங்க?" என்று அவள் கேட்டாள்.

அவர் ஒரு கட்டத்தில் சின்னதாக ஒரு புள்ளி வைத்து, பேப்பரைக் கேமராவுக்கு இன்னும் கிட்டக் கொண்டுவந்தார்.