மாதாவுக்குப் போன மெடல்

அன்று காலை துறைமுகத்தில் ஒரு முந்திரிக்கொட்டை கன்டெய்னருக்காகச் சுங்க அதிகாரியிடம் மன்றாடிக்கொண்டிருந்தேன். கைப்பேசி விடாமல் அடித்தது. எடுத்து, "என்ன பிள்ள, வேலையா இருக்கேன்லா?" என்று எரிந்து விழுந்தேன். "மாமா, அப்பா போயிட்டாவ" என்றாள் சூசை அண்ணாச்சியின் மகள் ரோஸ்லின். அதிகாரி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

சூசை அண்ணாச்சியை உங்களில் பலர் துறைமுக வாயிலில் நின்ற காவலராகத்தான் அறிவீர்கள். லாரிக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் 'மிலிட்டரி'. பாஸ் இல்லாமல் சொந்த மாமனாரைக்கூட உள்ளே விடமாட்டார். சரக்குக்குச் சுங்கக் காகிதம் எழுதும் கிளியரிங் ஏஜென்ட் என்று மிதப்பாகப் போன என்னையும் வெயிலில் நிற்க வைத்தார். நான் வாயில் வந்தபடி ஏசினேன். "ஏசி முடிச்சாச்சா? இப்ப பாஸ எடும்" என்றார். எங்கள் சிநேகம் அங்கே தொடங்கியது.

எழுபத்தொன்றாம் ஆண்டுப் போரில் மேற்கு எல்லையில் பிடிபட்டு, பாகிஸ்தானில் கைதியாக இருந்து திரும்பியவர் அவர். அந்தக் கதையைச் சொல்லமாட்டார். ரொம்பவும் வற்புறுத்தினால், "ரொட்டி கல்லு மாதிரி இருந்துச்சு வே, பல்லு கெட்டியா இருந்துச்சு, பொழைச்சேன்" என்பதோடு சரி.

குடியரசு தினத்தன்று முன்னாள் படைவீரர்கள் நெஞ்சில் மெடல் குத்திக்கொண்டு கொடியேற்றத்துக்கு வருவார்கள். அண்ணாச்சி வெறும் வெள்ளைச் சட்டையோடு கடைசி வரிசையில் நிற்பார். ஒரு வருடம் நானும் போயிருந்தேன். முன்னால் நின்ற ஒருவர், இவர் காதுபடவே, "கை தூக்குனவனுக்கு என்ன மெடலு?" என்றார். நான் பாய்ந்தேன். அண்ணாச்சி என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டார். டீக்கடையில் உட்கார வைத்து டீ சொன்னார். "சாகுததுக்குள்ள ஒரு தடவ குத்திக்கிட்டு அங்கன நிக்கணும் வே" என்றார். அவர் தனக்கென்று ஆசைப்பட்டு நான் கேட்டது அது ஒன்றுதான்.

மெடல் எங்கே போயிற்று என்பதையும் அன்றுதான் சொன்னார். போரில் காணாமல் போனதாகத் தந்தி வந்தபோது, கடற்கரை ஊரான வேம்பாரில் இருந்த அவருடைய அம்மா, மாதா சொரூபம் வைத்த கெபியில் நேர்ந்துகொண்டாராம்: மகன் உயிரோடு வந்தால், அவன் பேருக்கு சர்க்காரிடமிருந்து முதலில் என்ன வெகுமதி வந்தாலும் மாதாவுக்கு. மகன் வந்தார். சில வருடங்கள் கழித்துத் தபாலில் மெடலும் வந்தது. போருக்குப் போன எல்லோருக்கும் கொடுக்கிற மெடல்தான். ஓரத்தில் அவர் பெயர் பொறித்திருக்கும். மகன் வேலைக்குப் போயிருந்த நேரம். அம்மா அதை வெள்ளி என்றே நம்பி, முந்தானையில் முடிந்து கொண்டுபோய் மாதா பாதத்தில் வைத்துவிட்டார். நேர்ச்சைக்கு வந்த வெள்ளிக் கண்ணோடும் வெள்ளிக் காலோடும் அதுவும் உருக்கப் போயிற்று. அப்படிப் போயிராவிட்டாலும், மாதாவுக்குக் கொடுத்ததைத் திரும்பக் கேட்கும் வழக்கம் அந்தக் கரையில் கிடையாது.

வேறு மெடல் வாங்கித் தருகிறேன் என்று நான்தான் மார்தட்டினேன். முன்னாள் படைவீரர் அலுவலகத்தில் அலைந்து விசாரித்ததில், பழையது தொலைந்துவிட்டது என்று உறுதிமொழி கொடுத்தால் போதும் என்றார்கள். உறுதிமொழி எழுதியே சோறு தின்கிறவன் நான். அழகாக எழுதி நீட்டினேன். நிதானமாக வாசித்தார். பேனாவை மூடி என் சட்டைப் பையில் செருகினார்.

"தொலையலையே வே."

"எல்லாம் ஒண்ணுதான் அண்ணாச்சி. கையெழுத்தப் போடும்."

"எங்கம்மா மாதாவுக்குக் குடுத்தா. அவ நேர்ச்சைய தொலைஞ்சுபோன கணக்குல நான் எப்படி எழுத?"

கெஞ்சினேன், ஏசினேன், ரோஸ்லினை விட்டு அழவும் வைத்தேன். மனிதர் அசையவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதி அனுப்பிப் பார்த்தோம். அதற்கு விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. எனக்குத் தெரிந்த வாசல் எல்லாம் தட்டினேன். ஒன்றும் திறக்கவில்லை. அடுத்த குடியரசு தினத்திலும் அவர் வெறும் சட்டையோடுதான் நின்றார்.

போன மாதம் ஆஸ்பத்திரியில், மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தவரிடம், இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டுவிட்டேன். "அண்ணாச்சி, நீரு கை தூக்குனீரா?"

கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார். "தூக்கலன்னு சொன்னா ஒமக்குச் சந்தோசமா இருக்கும். எங்கூட அங்கன கெடந்தவங்கள்ல தூக்குனவனும் உண்டு வே. நல்ல பயலுவ. நான் தூக்கலன்னு சொன்னா, அவங்கள அங்கனயே விட்டுட்டு நான் மட்டும் வந்த மாதிரி ஆயிரும்லா?"

அதற்குமேல் நான் கேட்கவில்லை. 

கல்லறைத் தோட்டத்துக்கு முன்னாள் படைவீரர்கள் வந்திருந்தார்கள். விறைப்பாக நின்று சல்யூட் வைத்தார்கள். பெட்டியை இறக்கும்போது என் பக்கத்தில் நின்ற ஒருவர், "இவரு சரண்டர் ஆனவருதான?" என்று மெல்லக் கேட்டார். அதில் ஏளனம்கூட இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வாயை வைத்தே பிழைக்கிற நான் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டேன்.

அண்ணாச்சியிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அவர் கை தூக்கினாரா இல்லையா என்று தெரியாமல் இருப்பது ஒன்றுதான். தெரிந்திருந்தால் அன்று அங்கேயே சொல்லித் தொலைத்திருப்பேன்.