தறிச் சத்தத்துக்கு மேல் ஓர் அறை

கல்யாணமான முதல் வாரத்தில் ஒரு நாள் காலை, மாமனாருக்குக் காப்பி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். உறவினர் வீட்டு விருந்துக்குக் கிளம்பும் அவசரத்தில் முகூர்த்தப் புடவையையே மறுபடி கட்டியிருந்தேன். அறை வாசலில் கால் வைப்பதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது. “அங்கியே நில்லும்மா. பட்டு கட்டிகினு உள்ள வராதே.” ஆரணியில், பட்டை விற்றுச் சாப்பிடும் வீட்டில், பட்டுப் புடவைக்கு ஓர் அறையில் அனுமதி இல்லை என்றால் புதுப்பெண் என்ன நினைப்பாள்? ஏதோ சாமி காரியம், நான் தெரியாமல் தீட்டுப்படுத்திவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அவரே எழுந்து வந்து தம்ளரை வாங்கிக்கொண்டார். என் முகம் வாடியிருந்ததைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. “தப்பா நெனைக்காதேம்மா. பட்டு உரசினா ஒரு மாதிரி கரண்ட் வருது. ரெக்கார்டு மேல தூசியை இழுத்து ஒட்ட வெச்சிடுது. அப்புறம் எவ்ளோ தொடைச்சாலும் போறதில்ல” என்றார். மறுநாள் நூல் புடவையில் போனபோது நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

நான் தேவிகாபுரத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது, அதுவும் அண்ணனுடையது. மாமனாரின் அறையில் சுவர் முழுக்க மர அடுக்கு, அடுக்கு முழுக்க இசைத்தட்டுகள். பட்டு நூல் வாங்க மாதம் தவறாமல் பெங்களூர் போய்வந்தவர் அவர். தொண்ணூறுகளில் எல்லோரும் கேசட்டுக்கும் அப்புறம் சி.டி.க்கும் மாறிக்கொண்டிருந்தார்கள். பெங்களூரில் நடைபாதையில் ரெக்கார்டுகளைப் பழைய பேப்பர் போலக் குவித்து வைத்திருப்பார்களாம். நூல் மூட்டையோடு அவற்றையும் கட்டிக்கொண்டு வருவார். அவர் பொறுக்கியது பாட்டுக்காக மட்டும் இல்லை. ஒரே கச்சேரி, ஒரே வித்வான், ஆனால் எந்தத் தொழிற்சாலையில் அடித்தது, எந்த அச்சில் அடித்தது என்பதுதான் அவருக்குக் கணக்கு. “அச்சு புதுசா இருக்கும்போது அடிச்சது ஒரு மாதிரி இருக்கும். தேஞ்சு போன பிறகு அடிச்சது வேற மாதிரி. மேல ஒட்டியிருக்கிற காகிதத்தைப் பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான்” என்பார். தட்டின் நடுவில் காகித வட்டத்தை ஒட்டி வழவழப்பாக ஒரு வளையம் இருக்கும். அதில் ஊசியால் கீறியதுபோல் சின்ன எண்கள். துணியில் இழை எண்ணும் லென்ஸை வைத்து, டார்ச் அடித்து அந்த எண்களைப் படிப்பார். படித்து முடிக்கும் வரை மூச்சுகூட மெதுவாகத்தான் விடுவார்.

நாற்காலி போட்டு உட்கார வைத்த அன்றே ஒரு நாதஸ்வரக் கச்சேரியை இரண்டு தட்டுகளில் போட்டுக் காட்டினார். ஒன்று இங்கே அடித்தது, இன்னொன்று வெளிநாட்டில் அடித்தது. “எது நல்லாருக்கு? பொறுமையா சொல்லு.” இரண்டாவதில் நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஜால்ராவின் ஓசை தட்டியவுடன் அடங்காமல் மெல்லிய கம்பிபோல் நீண்டுகொண்டே போனது. முதலாவதில் அது பாதியில் அறுந்தது. கோயில் தெருவில் வளர்ந்தவளுக்கு அந்த ஓசை புதிதில்லை. அதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, பாராட்டவும் இல்லை. தட்டை உறைக்குள் வைத்துவிட்டு, “இந்த வீட்ல இன்னொரு காது வந்துடுச்சு” என்று மட்டும் சொன்னார். மாமியார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். என் கணவருக்குப் பாட்டு என்றால் பஸ்ஸில் தூங்குவதற்கு ஒரு சத்தம், அவ்வளவுதான்.

இரண்டாயிரம் பிறந்தபோது பட்டு வியாபாரம் கையை விட்டு நழுவிக்கொண்டிருந்தது. கணவர் வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு நான்கு பவர்லூம் இறக்கினார். மாமனார் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. வீட்டு நிலைமை அவருக்குத் தெரியாததா? தறி ஓடத் தொடங்கிய முதல் நாள் மாடியில் ஊசி தட்டின் மேல் நிற்காமல் குதித்தது. கருங்கல் பலகை ஒன்றை அறுத்து வாங்கி, அதற்கடியில் பாதிக் காற்றடைத்த சைக்கிள் டியூபை வைத்து, பலகை மேல் ரெக்கார்டு பிளேயரை வைத்தார். ஊசி குதிப்பது நின்றது. சத்தம் எங்கே நிற்கும்? தட தட தட என்று அது சுவர் வழியாக, தரை வழியாக, படுத்தால் தலையணை வழியாக வந்தது. ஜன்னலுக்குக் கனத்த திரை தைத்துக் கொடுத்தேன். அதனால் அறை வெந்ததுதான் மிச்சம்.

ஷெட்டை நான்தான் பார்த்துக்கொண்டேன். கணவர் நூலுக்கும் ஆர்டருக்கும் அலைவார். கூலிக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள், மூன்றாவது ஆளாக நான். இழை அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும், குறுக்கே பாயும் நாடாவில் நூல் தீர்ந்தால் மாற்ற வேண்டும், ஒரு தறியிலிருந்து இன்னொரு தறிக்கு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்செல்லாம் கைஜாடைதான். காலையில் சமையல், பிறகு ஷெட், பிறகு மறுபடி சமையல். அந்த வருஷங்களை நினைத்தால் எனக்கு முகங்கள் நினைவுக்கு வருவதில்லை, கால் வலிதான் வருகிறது. குக்கர் எத்தனை விசில் விட்டது என்பது தப்பிப் போகும். சோறு குழையும். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு மின்வெட்டு வந்தது. மத்தியானம் இரண்டு மணி நேரம் கரண்ட் இருக்காது. ஊரே பேஜாராகிப் புலம்பியது. மாமனார் மட்டும் இன்வெர்ட்டர் வாங்கினார். கரண்ட் இருந்தால் தறி ஓடும், பாட்டுக் கேட்க முடியாது. கரண்ட் போனால் தறி நிற்கும், பிளேயரும் நின்றுவிடும். இத்தனை வருஷம் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தவருக்கு அந்த இரண்டு மணி நேரம் பெரிய சொத்து. தெரு அடங்கியதும் படிக்கட்டின் உச்சியில் நின்று, “வாம்மா, ஜல்தி” என்று கூப்பிடுவார். நானும் போய்ச் சுவரில் சாய்ந்து உட்காருவேன். பாதி நாள் முதல் பக்கம் முடிவதற்குள் கண் சொக்கிவிடும்.

அந்தச் சமயத்தில்தான் அவருக்கு ரெக்கார்டுகளின் மேல் சந்தேகம் வர ஆரம்பித்தது. “மந்தமா இருக்குதும்மா. போர்வை போத்தின மாதிரி.” ஊசி தேய்ந்துவிட்டது என்று புது ஊசி மாற்றினார். இன்வெர்ட்டர் கரண்ட் சுத்தமில்லை என்றார். மழைக்காலத்து ஈரம் என்றார். பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு எல்லாத் தட்டுகளையும் ஒவ்வொன்றாகக் கழுவி நிழலில் உலர்த்தினார். கடைசியில் அந்த நாதஸ்வரத் தட்டே தேய்ந்துவிட்டது என்று தீர்மானித்து, அதே கச்சேரியின் வேறு பிரதிகளைத் தேடினார். ஒன்று வந்தது, இன்னொன்று வந்தது. எல்லாமே மந்தம். “ஜால்ரா எங்க போச்சு? உனக்குக் கேக்குதா?” என்று கேட்பார். “சரியா கேக்கல மாமா” என்பேன். அவருக்காகச் சொன்னதில்லை. எனக்கும் கேட்கவில்லை. எங்கள் இருவரின் தீர்ப்பும் ஒன்றாக இருந்ததால் குற்றம் தட்டுகளின் மேலேயே நிலைத்துவிட்டது.

பெங்களூரில் ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவரிடம் அந்தக் கச்சேரியின் முதல் அச்சுப் பிரதி இருப்பதாக ஒரு கடைக்காரர் தகவல் சொன்னார். அப்போது மாமனாருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. தனியாக அனுப்ப மனம் வராமல் நானும் கூடப் போனேன். நல்ல மனிதர்கள், தமிழ்க் குடும்பம். டிபன் கொடுத்தார்கள். பொறியாளர் தட்டை வெளியில் எடுத்த விதத்தைப் பார்த்தே மாமனாருக்கு நம்பிக்கை வந்துவிட்டது. லென்ஸை வைத்து எண்ணைப் படித்து, “இதேதான்” என்றார். வீட்டில் தறி இல்லை, மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டார்கள். தட்டு சுழன்றது. மாமனார் கண்ணை மூடிக்கொண்டார். பத்து நிமிடம் ஆகியிருக்கும். கண்ணைத் திறந்து, மிகவும் சங்கடத்தோடு, “மன்னிக்கணும். இதுவும் மந்தமாத்தான் இருக்குதுங்க” என்றார். அப்போது பக்கத்து அறையிலிருந்து பொறியாளரின் மகள் எட்டிப் பார்த்தாள். தலைவலி என்று படுத்திருந்தவள். “அப்பா, கொஞ்சம் சவுண்ட் கம்மி பண்ணுங்க. அந்த ஜால்ரா சத்தம் ஊசி மாதிரி காதுல குத்துது” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாமனார் என் பக்கம் திரும்பினார். “உனக்குக் கேக்குதா?”

“நாதஸ்வரம் கேக்குது மாமா. தவிலும் நல்லா கேக்குது.”

“நான் அதைக் கேக்கல.”

“இல்ல மாமா. அது கேக்கல.”

தட்டு ஓடிக்கொண்டே இருந்தது. பொறியாளர் மெதுவாக எழுந்து போய் ஊசியைத் தூக்கினார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். திரும்பும்போது வேலூரில் இறங்கினோம். ஆரணி பஸ்ஸுக்காக நிற்கும்போதுதான் சொன்னார். “எனக்கு வயசாச்சு. காது போனா போகட்டும். உனக்கு இன்னா வயசு?” முப்பத்தைந்து என்றேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அடுத்த வாரமே என்னை வேலூருக்குக் காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். கண்ணாடி போட்ட பெட்டி அறையில் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். எனக்குப் பிறகு அவரும் உட்கார்ந்தார். இரண்டு பேருடைய வரைபடத்தையும் டாக்டர் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பெரியவருக்கு வயதினால் வந்தது, எனக்குத் தறியினால் வந்தது, போனது இரண்டு பேருக்கும் திரும்பி வராது, மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார். மாமனார் தன் வரைபடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டில் சொன்னதும் கணவர் சோர்ந்துபோய் உட்கார்ந்தார். “ஷெட்ல நிக்கறவங்க யாருக்குப்பா காது நல்லாருக்கு? தறியை நிறுத்திட்டு இன்னா பண்றது?” என்றார். அது கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. மாமனார் எல்லோருக்கும் காதடைப்பான் வாங்கி வந்தார். கூலிக்கு வந்த பெண்கள் ஒரு வாரம் போட்டுக்கொண்டார்கள். “யாராச்சும் கூப்பிட்டா கேக்கலீங்க, பயமா இருக்குது” என்று கழற்றி வைத்துவிட்டார்கள். நான் போட்டுக்கொண்டுதான் நின்றேன். ஆனால் பாதி வேலை சத்தத்தை வைத்துத்தான் நடக்கும். நாடா தடுமாறுவது காதுக்குத்தான் முதலில் தெரியும். அடைத்துக்கொண்டதில் அறுந்த இழைகள் கூடின, திட்டும் கூடியது.

ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு நான் ஷெட்டுக்குப் போனபோது என் இடத்தில் மாமனார் நின்றிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, அறுந்த இழையைத் தேடிக்கொண்டிருந்தார். தறி இறக்கிய நாளிலிருந்து அந்த ஷெட்டுக்குள் அவர் காலடி வைத்ததில்லை. என்னைப் பார்த்ததும் மாடியைக் காட்டி, போ என்று கை ஆட்டினார். நான் நகரவில்லை. காதருகில் குனிந்து கத்தினார். “இனிமே என் காதுல போறதுக்கு இன்னா இருக்குது? மத்தியானத்துக்கு மேல நான் பாத்துக்கறேன். நீ மேல போ. ரெக்கார்டு சும்மா கெடந்தா பூஞ்சை புடிக்கும். எதையாச்சும் எடுத்துப் போடு.”

கணவர் தடுத்துப் பார்த்தார். தெருவில் பேசினார்கள், பெரியவரைத் தறியில் நிறுத்திவிட்டு மருமகள் மாடியில் பாட்டுக் கேட்கிறாள் என்று. அது என் காதுக்கு எட்டியது. அந்த மாதிரிப் பேச்சு எப்படியோ எட்டிவிடும். நான் கூனிக் குறுகித்தான் படியேறினேன். ஆனால் ஏறினேன். அறைக் கதவைச் சாத்தி, திரையை இழுத்து விட்டால், கீழிருந்து வரும் சத்தம் பாதியாகக் குறையும். தட்டை வைத்து ஊசியை இறக்குவேன். வீணையோ நாதஸ்வரமோ, எதுவாக இருந்தாலும் கொஞ்ச நேரத்தில் தரையிலேயே சாய்ந்துவிடுவேன். விழிக்கும்போது ஊசி கடைசி வளையத்தில் டக், டக் என்று தட்டிக்கொண்டிருக்கும்.

சில வாரம் கழித்து, ராத்திரிச் சாப்பாட்டின்போது கேட்டார். “இன்னிக்கு இன்னா போட்டே?”

ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. “வீணை போட்டேன். தூங்கிட்டேன் மாமா. தெனமும் தூங்கிடறேன்.”

பிசைந்த சோற்றையே மறுபடி பிசைந்தார். கோபம் என்று நினைத்தேன். “தூங்கு. தூங்கறதுக்கும் சத்தம் இல்லாத எடம் வேணுமில்ல” என்றார். பிறகு ரசம் கேட்டார்.

முழங்கால் ஒத்துழைத்தவரை ஷெட்டில் நின்றார். அப்புறம் படுத்தார், அப்புறம் போய்ச் சேர்ந்தார். தறிகளையும் சில வருஷத்தில் விற்றுவிட்டோம். என் காதுக்குக் கருவி மாட்டியாகிவிட்டது. அதில் எல்லாமே தகரத்தைத் தட்டுவதுபோல் கேட்கிறது. ரெக்கார்டுக்கு இப்போது மறுபடி மவுசு வந்திருக்கிறதாம். சென்னையிலிருந்து இளைஞர்கள் வருகிறார்கள். இரண்டு மூன்று பிரதி இருந்ததை எல்லாம் கொடுத்துவிட்டேன். போன மாதம் வந்த ஒருவர், மரியாதையான பையன், மிச்சத்தையும் கேட்டார். நான் கொடுப்பதற்கில்லை என்றதும் சுற்றிலும் பார்த்தார். திரை, பாய், தலையணை. “நீங்க தெனமும் கேக்கறீங்களா ஆன்ட்டி?” என்றார்.

“இல்லப்பா. மத்தியானத்துல இங்கதான் படுத்துத் தூங்கறேன்” என்றேன். அவர் செருப்பு மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். நான் கருவியைக் கழற்றி வைத்துவிட்டுப் பாயை விரித்தேன்.